திண்ணைப் பள்ளியில் செயல்வழிக் கற்றலும் மாணாக்கரின் தகவமைவுத் திறனும்

1823ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. காம்பெல் சென்னை வருவாய் வாரியத்திற்கு ஓர் அறிக்கை விடுத்தார். சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25இல் எழுதிய குறிப்பினை ஒட்டி மாகாணம் முழுவதும் நிகழ்ந்த கல்விக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக அஃது அமைந்தது. பெல்லாரி மாவட்டத்தின் மக்கள்தொகை 9,27,857 என்றும், பள்ளிகள் 533 என்றும், அவற்றில் பயின்றோர் 6,641 பேர் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. பள்ளிகளுள் 235 கன்னடம் கற்பித்தவை. 226 தெலுங்கு கற்பித்தவை. தமிழ் கற்பித்த பள்ளிகள் 4 மட்டுமே எனினும், பள்ளிகளின் நடைமுறை பற்றிக் காம்பெல் தரும் செய்திகள் தமிழகத் திண்ணைப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவன.

அவ்வறிக்கையில் ஒன்றோடொன்று முரண்படுவன போன்ற இரு மதிப்பீடுகள் உள்ளன. முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் முறையையும், அவ்வாறு கற்பிப்பதாலேயே கற்பிப்பவன் தன் அறிவை உறுதிப்படுத்திக் கொள்ளும் தன்மையையும் காம்பெல் மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்து இம்முறையைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதுகிறார். அதே அறிக்கையில், பேச்சு வழக்கிலிருந்து விலகிய செய்யுள் மொழியைப் பொருளுணராமல் கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கின்றனர் என்றும் குறைகூறுகிறார். முறை உயிருள்ளது, பயன் உயிரற்றது என்பதாக அவர் கருத்து அமைகிறது. பின்வந்த ஆய்வாளர் பலரும் இவ்விரண்டனுள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டனர். பழங்கல்வியைப் போற்றியோர் முதற்கூற்றையும், புதுக்கல்வியைக் கொணர்ந்தோர் இரண்டாம் கூற்றையும் மேற்கோள் காட்டினர். இரண்டும் ஒரே பள்ளியைப் பற்றியவை என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டது. அப்பள்ளியில் மாணாக்கன் உண்மையில் என்ன செய்தான், அச்செயல் மாறுகின்ற சூழலை எதிர்கொள்ள அவனுக்கு எவ்வளவு உதவியது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் மரபும்

இன்றைய கல்வியியலில் ‘செயல்வழிக் கற்றல்’ என்பது மாணாக்கன் கேட்பவனாக மட்டும் அமையாது, செய்தும் செய்வதைச் சிந்தித்தும் கற்பதைக் குறிக்கிறது. சார்லஸ் பான்வெல், ஜேம்ஸ் ஐசன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூலுக்குப் பின் இக்கருத்து உயர்கல்வியிலும் பரவியது. தமிழகத்தில் ரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்ட அட்டைவழிக் கல்விமுறையும் இப்பெயராலேயே வழங்கியது. ‘தகவமைவுத் திறன்’ என்பது மாற்றம், புதுமை, நிச்சயமின்மை ஆகியவற்றை எதிர்கொள்ளும்போது சிந்தனையையும் நடத்தையையும் உணர்வையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஆற்றல் என ஆண்ட்ரூ மார்ட்டினும் உடனாய்வாளரும் 2012இல் விளக்கினர்.

சொற்கள் புதியன. ஆனால் கற்பவனே கற்பிப்பவனாதல் என்னும் கருத்து தமிழிலக்கண மரபிற்குப் புதிதன்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதனைக் கணக்காகவே சொல்கிறது. ஆசிரியர் உரைப்பதை மாணாக்கன் எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் நூலறிவில் காற்பங்கே அவனை அடையும். உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். வினாவுதலும், பிறர் வினாவியவற்றிற்கு விடையிறுத்தலும் அங்குப் பாடங்கேட்டலின் உறுப்புகளாகவே வைத்து எண்ணப்படுகின்றன. ஈதல் மரபு, கோடல் மரபு எனத் தொல்காப்பியப் பாயிரவுரைகளிலும் இவை பேசப்படுதலின், பவணந்தியார் தாமாகப் படைத்துக்கொண்ட கொள்கையாக இதனைக் கொள்ளவேண்டுவதில்லை. நெடுங்கால வழக்கினை அவர் நூற்பாவாக்கினார் எனலாம். ஆசிரியரின் பங்கு காற்கூறே என்பதை ஆசிரியர் ஒருவரே இலக்கணமாக்கியிருப்பது நோக்கத்தக்கது.

இவ்விலக்கணம் புலமைக் கல்விக்கு உரியது என்றும், சிற்றூர்ப் பிள்ளைகளின் தொடக்கக் கல்விக்கு இதனைப் பொருத்துதல் கூடாது என்றும் மறுப்பு எழலாம். அம்மறுப்பிற்கு விடை திண்ணையில் கிடைக்கிறது.

திண்ணையின் நடைமுறை

1623ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டின் இக்கேரிக்குச் செல்லும் வழியில் ஒரு கோயில் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர் கணக்குப் பயில்வதைக் கண்டார். தரையில் நுண்மணலைப் பரப்பி, ஒருவன் பாடத்தின் ஒரு பகுதியை இசையோடு சொல்லிக்கொண்டே விரலால் எழுத, ஏனையோரும் அவ்வாறே சொல்லி எழுதினர். தரை நிரம்பியதும் எழுத்தை அழித்து மேலும் மணல் தூவித் தொடர்ந்தனர். அருகில் ஆசிரியர் எவரும் இல்லை. ஐயம் எழுந்தால் திருத்துவார் யார் என அவர் வினவியபோது, நால்வரும் ஒரே இடத்தில் ஒருசேரத் தடுமாறுதல் இயலாது, ஒருவன் தவறினால் மற்றவர் அவனுக்கு ஆசிரியராவர், அதன்பொருட்டே சேர்ந்து பயில்கிறோம் என்னும் கருத்துப்பட அச்சிறுவர் விடையளித்தனர். உடன் பயில்வோரால் வரும் காற்கூற்றினை நன்னூலைக் கல்லாத சிறுவர் தம் வாய்மொழியாகவே விளக்கியதாக இதனைக் கொள்ளலாம்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் காம்பெல் கண்ட பள்ளியும் இதனினும் பெரிதும் வேறுபடவில்லை. காலை ஆறு மணியளவில் பள்ளி தொடங்கும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழியம். மூன்றாமவனுக்கு மெல்லிய பிரம்படி ஒன்று. அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடும். பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு வகுப்பினராகப் பிரிக்கப்படுவர். மேல்வகுப்பினர் ஆசிரியரிடம் நேரே பாடங்கேட்பர். கீழ்வகுப்புகளை முதன்மை மாணாக்கர் நடத்துவர். ஆசிரியரின் கண் அனைவர் மீதும் இருக்கும். எழுத்தை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதவோ, கரிபூசிய துணிமடிப்பாகிய கடதத்தில் எழுதவோ விடுவர்.

தமிழகத்தில் அம்முதன்மை மாணாக்கனின் பெயர் சட்டாம்பிள்ளை. இன்று அச்சொல் அதிகாரம் செய்பவனைக் குறிக்கும் எள்ளற்சொல்லாகச் சுருங்கிவிட்டது. திண்ணையில் அவன் பணி வேறு. ‘முறை’ வைத்தல் என்னும் வழக்கில் அவன் ஓர் அடியைச் சொல்ல, ஏனையோர் அதனைத் திருப்பிச் சொல்வர். அவன் பிழைத்தால் பள்ளி முழுவதும் பிழைக்கும். எனவே சொல்லும் பொறுப்பு ஏற்றவன் மற்றெவரினும் கூர்ந்து கற்கவேண்டியவனானான். மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, ஊர் ஆகியவற்றுள் ஒவ்வொரு பெயர் சொல்லியனுப்பி, மறுநாட் காலையில் அதனைக் கேட்கும் வழக்கத்தையும் உ. வே. சாமிநாதையர் நினைவுகூர்ந்துள்ளார். சிறிய பயிற்சிதான், ஆயினும் பள்ளியில் கேட்ட பெயரை வீட்டிலும் வழியிலும் சுமந்து மறுநாள் மீட்டுத்தரும் இப்பழக்கத்தைப் பொருளற்ற நெட்டுரு என்று தள்ளிவிட இயலாது.

ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி முதலிய நீதிநூல்களும் நிகண்டும் பாடமாயின. அவற்றைப் பொருளுணராமல் ஒப்பித்தனர் என்னும் காம்பெலின் குறை இப்பகுதிக்கு ஓரளவு பொருந்தும், மறைப்பதற்கில்லை. ஆனால் திண்ணையில் கற்றதன் பெரும்பகுதி கணக்கு. அதனை நோக்காமல் அக்கல்வியை மதிப்பிடுதல் ஒருபாற் கோடலாகும்.

பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து ஆகியவை கணக்குப் பாடத்தின் படிநிலைகள். பொன்னிலக்கம் முந்திரி (1/320) தொடங்கிக் கீழ்வாய் எண்களைக் கூட்டிக் கூட்டிக் கற்பிப்பது. முந்திரி இரண்டு அரைக்காணி (1/160). அரைக்காணி இரண்டு காணி (1/80). காணி நான்கு ஒரு மா (1/20). மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி (1/16) என்பதைப் பெயரே கூறிவிடுகிறது. நெல்லிலக்கம் முகத்தலளவைக்கு உரியது: ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு நாழி, நாழி எட்டுக் குறுணி, குறுணி இரண்டு பதக்கு, பதக்கு இரண்டு தூணி, தூணி மூன்று கலம். மாணாக்கன் வாய்பாட்டை வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் மணலில் எழுதினான். உடனிருப்பவன் அதனைச் சரிபார்த்தான். இப்பயிற்சியில் நினைவாற்றல் என்பது சேமிப்புக்கிடங்காக மட்டும் இல்லை, கணக்கைச் செய்துமுடிக்கும் கருவியாகவே இயங்கியது என்பதைச் செந்தில் பாபு தம் ஆய்வுகளிலும் 2022இல் வெளியான நூலிலும் விரிவாக நிறுவியுள்ளார்.

அளவைகளும் தகவமைவும்

இக்கருத்தை இன்னும் ஒரு படி முன்னெடுத்துச் செல்ல இடமுண்டு. கருவி என்பது புதிய பொருளின்மீதும் செல்லவேண்டும். திண்ணையில் பெற்ற கருவி அவ்வாறு சென்றதா?

குழிமாத்தினை எடுத்துக்கொள்ளலாம். எண்களின் வர்க்க வாய்பாடாகிய அது நிலத்தின் பரப்பினைக் குழியாகக் கணிக்க உதவுவது. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடையது ஒரு குழி. ஆயின் கோல் எங்கும் ஒன்றன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல் எனப் பலவகைக் கோல்கள் காணப்படுகின்றன. பதினாறுசாண் கோலால் அளந்த 100 குழி நிலம் பன்னிருசாண் கோலால் அளந்தால் ஏறத்தாழ 178 குழியாகும். கோல் மாறினால் இறையும் மாறும். ஊருக்கு ஊர் கோலும் மரக்காலும் வேறுபட்ட நாட்டில், ‘ஓர் ஏக்கருக்கு இத்தனை’ என்று ஒற்றை விடையை மனப்பாடம் செய்தவன் அடுத்த ஊரில் பயனற்றவனாவான். 12ஐ 12ஆலும் 16ஐ 16ஆலும் பெருக்கிய தொகைகளை மனத்தில் வைத்திருப்பவனோ எக்கோலுக்கும் தன் கணக்கை மாற்றிக்கொள்வான். மனப்பாடம் செய்யப்பட்டது விடையன்று, விடை காணும் படிகளின் தொகுதி என்பது இதனால் விளங்கும்.

காரி நாயனாரின் கணக்கதிகாரம் இத்திறனை அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்கிறது. நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்குகளோடு, நேரே எண்ணிக் காண இயலாதவற்றை மதிப்பிடும் வழிகளையும் அந்நூல் செய்யுளாகத் தருகிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளின் எண்ணிக்கையைக் காண, காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்லும் கணக்கு பலரும் அறிந்தது. பலாவின் இயற்கை அவ்வாய்பாட்டிற்கு எப்போதும் கட்டுப்படுமா என்பது வேறு செய்தி. கண்ணுக்குத் தெரியும் ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றை ஊகிக்கலாம் என்னும் பழக்கமே அங்குக் கற்பிக்கப்படும் பாடம்.

நாணய மாற்றம் இதற்கு வலுவான வரலாற்றுச் சான்றாகும். 1818 வரை சென்னை மாகாணத்தில் நட்சத்திர வராகனே முதன்மை நாணயம். ஒரு வராகன் 42 பணம். ஒரு பணம் 80 காசு. காசு பணத்தின் 1/80 ஆதலின், பணத்தை ஒன்றாகக் கொண்டால் காசு சரியாக ஒரு காணி. பொன்னிலக்கம் படித்த சிறுவனுக்கு இது தனியே கற்கவேண்டிய கணக்கன்று. 1818இல் வராகனின் இடத்தில் ரூபாய் முதன்மை பெற்றது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என மாற்று விகிதம் அமைந்தது. அதாவது ஒரு ரூபாய்க்கு 12 பணம். ரூபாய் 16 அணாவாகப் பகுக்கப்பட்டது. அன்றாட வணிகத்தின் அடிப்படை ஒரே தலைமுறையில் 80இன் பகுப்பிலிருந்து 16இன் பகுப்பிற்கு மாறியது. ஆயினும் திண்ணைக் கணக்கன் திகைக்க வேண்டியதில்லை. அணா அவனுக்கு மாகாணி, அதாவது வீசம், இரண்டணா அரைக்கால், காலணா கால்வீசம். புதிய நாணயத்தின் உறுப்புகள் பெரும்பாலும் அவனுடைய பழைய வாய்பாட்டில் முன்னரே பெயர் பெற்றிருந்தன. அணாவில் பன்னிரண்டில் ஒன்றாகிய பை மட்டும் அவ்வாய்பாட்டிற்குப் புறம்பாய் நின்றது. தகவமைவுத் திறனுக்கு எல்லை உண்டு என்பதனையும் இது காட்டும். பிற்காலத்தில், 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டபோது அணாவிற்கு ஆறேகால் பைசா என்னும் பொருந்தாக் கணக்கு உண்டாயிற்று. ஆனால் அதற்குள் கீழ்வாய் இலக்கம் பள்ளியிலிருந்து விடைபெற்றிருந்தது.

எழும்பூரில் நிகழ்ந்தது

இம்முறை கடல்கடந்த வரலாறு பலரும் அறிந்ததே. எனினும் அதில் இழக்கப்பட்டது எது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் (1753-1832) 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரிலிருந்த படைவீரர்தம் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் குதிரையில் செல்லும்போது ‘மலபார்’ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். (அக்கால ஐரோப்பியர் ‘மலபார்’ என்றது பெரும்பாலும் தமிழையும் தமிழரையுமே.) அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தபோது உதவியாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் இயலாது என்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். அதிலிருந்து பள்ளி முழுவதும் மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் அமைப்பாக வளர்ந்தது. 1796இல் நாடு திரும்பிய பெல் 1797இல் இதனை நூலாக வெளியிட்டார். 1798இல் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் தொடங்கிய பள்ளியும் இத்தகைய முறையைக் கையாண்டது. யார் முன்னோடி என்னும் பூசல் இருவர்தம் ஆதரவாளரிடையே நெடுங்காலம் நீடித்தது. 1811இல் நிறுவப்பெற்ற தேசியக் கழகம் பெல்லின் முறையை இங்கிலாந்தெங்கும் பரப்பியது. ‘மதராஸ் முறை’ என்பது அதன் பெயராயிற்று.

மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பெற்றதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணாக்கர்வழிக் கற்பித்தல் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். இக்கூற்றினைப் பொய் எனத் தள்ளுதல் எளிது, அது முறையாகாது. ஃபிரிஸ்கன் நிகழ்ச்சியில் தற்செயலின் பங்கு மெய்யாகவே உண்டு. ஆனால் திண்ணையில் மணலும் சட்டாம்பிள்ளையும் இருவேறு செய்திகள் அல்ல. எழுதிய மணல் அடுத்த நொடியில் அழிவது. ஆசிரியர் பின்னர் வந்து திருத்த ஏடு எதுவும் எஞ்சாது. எனவே எழுதும்போதே உடனிருந்து நோக்கும் கண் தேவை. அக்கண் உடன் பயில்வோனுடையது. மணலைக் கொண்டுசென்றவர், அறிந்தோ அறியாமலோ, அம்மணல் வேண்டிநின்ற உறவையும் கொண்டுசென்றார் எனலாம். பெல் பொறுப்பேற்பதற்கு 166 ஆண்டுகளுக்கு முன்னரே தெல்லா வல்லே அவ்விரண்டையும் ஒருங்கே கண்டமை இதற்குச் சான்று.

இங்கிலாந்தில் அம்முறை பெற்ற வடிவம் வேறு. பெல் தம் முறையை நீராவிப் பொறிக்கும் நூற்பு எந்திரத்திற்கும் ஒப்பிட்டார். உழைப்பைக் குறைத்து விளைவைப் பெருக்குவது என்பதே அவர் கண்ட பெருமை. பெல்லாரியில் ஒரு பள்ளிக்குச் சராசரி பன்னிருவர்; இங்கிலாந்திலோ ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர். பன்னிருவர் பள்ளியில் சட்டாம்பிள்ளைக்கு ஒவ்வொரு பிள்ளையின் தடுமாற்றமும் தெரியும். நூற்றுக்கணக்கானோர் கூடத்தில் அவன் கட்டளையை எதிரொலிப்பவனானான். கற்பித்தலால் கற்றல் என்னும் உயிர்ப்பகுதி மெல்ல நழுவி, மலிவு என்னும் பகுதியே மேலோங்கியது. அங்கும் சில பத்தாண்டுகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கு அம்முறை இடம் விட்டு விலகியது. பெல்லின் நிதியால் அவர் பிறந்த ஊரில் நிறுவப்பட்ட பள்ளி ‘மெட்ராஸ் கல்லூரி’ என்னும் பெயரை இன்றும் தாங்கியுள்ளது.

ஒரு மாணாக்கரின் சான்று

நன்னூல் கூறும் நெறி தகவமைவுத் திறனாக விளைந்தமைக்கு உ. வே. சாமிநாதையரின் (1855-1942) வாழ்வினும் தெளிவான சான்று அரிது. உத்தமதானபுரத்துத் திண்ணையில் தொடங்கிய அவர் கல்வி ஊர்தோறும் ஆசிரியர்தோறும் மாறிச்சென்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அவர் பாடங்கேட்டதோடு அமையவில்லை. ஆசிரியர் செய்யுள் சொல்லச்சொல்ல ஏட்டில் எழுதினார். அம்பர்ப் புராணம் அவ்வாறு உருவாவதைக் கண்ணாரக் கண்டார். செய்யுள் பிறக்கும்போதே உடனிருத்தல், அதன் சொல்லும் சீரும் மாறுவதைக் கையால் எழுதியறிதல் என்னும் இப்பயிற்சியைச் செயல்வழிக் கற்றல் என்று கூறாமல் வேறெவ்வாறு கூறுவது? 1876 பிப்ரவரி 1இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தாம் பயின்றுகொண்டே பிறர்க்குப் பாடஞ்சொன்னார். நன்னூல் கூறும் எஞ்சிய அரைக்கூறு அங்கே நிறைவுற்றது.

1880இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21இல் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் திருப்புமுனை என்பர். அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் எனத் தாம் கற்றவற்றையெல்லாம் அடுக்கியும், அவற்றால் என்ன பயன் என்னும் வினாவே முதலியாரிடமிருந்து வந்தது. சீவக சிந்தாமணியைப் பாடஞ்சொல்லும் பொறுப்பு வந்தபோது, சைவ மடத்தில் உருவான அப்புலவர்க்குச் சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அவர் தம் புலமையின் பெருமையைக் காக்க முனையாமல் கும்பகோணத்துச் சமணரை நாடிச்சென்று வினவிக் கற்றார். 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி அச்சேறியது.

இங்கு நிகழ்ந்தது என்ன? அறிந்த நூல்கள் உதவவில்லை. நூலை அணுகும் பழக்கம் உதவியது. ஏட்டில் எழுதுவோர் எங்கே பிழைப்பர் என்பதை எழுதியே அறிந்தவராதலால் பாடவேறுபாடுகளை எடைபோட்டார். வினாவுதல் இழுக்கன்று என்னும் பயிற்சியால் பிற சமயத்தார்முன் மாணாக்கராய் அமர்ந்தார். மாற்றம், புதுமை, நிச்சயமின்மை என இன்றைய உளவியலார் கூறும் மூன்றும் அச்சுவடிக்குள் ஒருங்கே இருந்தன. அவரோடு அதே மடத்தில் பயின்றோர் பலர் தம் வட்டத்திற்குள்ளேயே அமைந்தனர் என்பதும் உண்மை. முறை ஒன்றே போதுமாயின் பல சாமிநாதையர்கள் தோன்றியிருப்பர். கல்லூரி வேலையும் அச்சு இயந்திரமும் முதலியாரின் வினாவும் அவருக்கு வாய்த்தன. கற்ற முறை அவற்றைப் பற்றிக்கொள்ளும் ஆயத்தத்தைத் தந்தது என்று கொள்வதே பொருத்தம்.

எண்ணிக்கைக்குள் வாராதோர்

1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர், மக்கள்தொகை 1,28,50,941. மாணாக்கருள் பெண்பிள்ளைகள் 4,540 பேர். தரம்பால் 1983இல் இவ்வாவணங்களைத் தொகுத்து வெளியிட்டபின், பள்ளிகளில் பல சாதியாரும் பயின்றனர் என்பது பரவலாக அறியப்பட்டது. அது மறுக்கவியலாதது. ஆனால் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை நாற்பதில் ஒன்றினைக்கூட எட்டவில்லை என்பதும், தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணை பொதுவாக ஏறவியலாத உயரத்தில் இருந்தது என்பதும் அம்முறையைப் போற்றுவோர் ஒதுக்கிவிடக் கூடாத செய்திகள்.

உள்ளே வந்தோர்க்கும் முறை மட்டும் சோறிடவில்லை. பெல்லாரியில் முன்பு பள்ளியிருந்த பல ஊர்களில் அப்போது பள்ளி இல்லை எனக் காம்பெல் எழுதினார். ஐரோப்பியத் துணியின் வரவால் நெசவாளர் தொழிலிழந்ததையும், நாட்டின் பொருள் வெளியேறியதையும், சிறுவரின் பிஞ்சுக்கைகள் சற்றே உதவத் தொடங்கியவுடன் பெற்றோர் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதையும் அவர் தயங்காமல் குறித்தார். ஆங்கில அரசின் அலுவலர் ஒருவரே இதனை எழுதியமை குறிப்பிடத்தக்கது. மாகாணி அணாவாக மாறியதற்கு ஈடுகொடுத்த சிறுவன், தறி நின்றதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. தகவமைவுத் திறனைத் தனிமனிதனின் பண்பாக மட்டும் அளக்கும் இன்றைய அளவுகோல்கள் இவ்விடத்தில் குறைபடுகின்றன.

கணக்கெடுப்பு காணாத கல்வியும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) பெற்றோரிட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கற்பித்த வீ. அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். ஐரோப்பியர் வீட்டில் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள், நாலடியார் ஏடுகளை எல்லிசு துரையிடம் சேர்ப்பித்ததாக அவர் எழுதியுள்ளார். ஊர்த் திண்ணைக்கு வெளியே, வீடுகளிலும் வைத்தியர் முற்றங்களிலும் ஏடு கைமாறி, பாடம் வாய்மாறி வந்த மரபு அது. தமிழும் மருத்துவமும் அவ்வாறு கற்றவர், ஏறத்தாழ 62 வயதில், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைச் சென்னையில் தொடங்கி அச்சுலகிற்குள் வந்தார். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைப்புத் தேடிச்சென்ற தமிழர் அதனைப் படித்தனர், ஐயங்களை எழுதியனுப்பினர், வினாவிற்கு விடையாகவே அவர் தம் ஆய்வுகளுள் பலவற்றை அவ்விதழில் எழுதினார்.